அடுப்பு மூட்டாத நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பயம் எங்கே இருக்கிறது என்பது அந்த வைகுண்ட ஏகாதசியன்றுதான் எனக்கே தெரிந்தது. அது அடிவயிற்றில் இருக்கிறது.

என் தம்பி டாக்டருக்குப் படிக்க உக்ரைன் போனான். கூடப் படித்த அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். போர் வந்ததும் இரண்டு பேரும் பல நாள் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஒளிந்திருந்துவிட்டு, போலந்துக்குத் தப்பி ஓடினார்கள். அங்கே அவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குடும்பம் நடத்த ஒரு இடம் கிடைத்தபாடில்லை. அதற்குள் அவள் உண்டாகிவிட்டாள். “குழந்தை பிறக்கிற வரைக்கும் நீ வச்சுக்கோக்கா. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்” என்றான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் தனிக்கட்டை. ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், அவர்கள் விட்டுப்போன வீட்டில் இருக்கிறேன். சரி, அனுப்பு என்றேன்.

வந்தாள். சாதுவான பெண். அக்கா, போதும், தண்ணி என்று பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டாள், மிச்சமெல்லாம் இங்கிலீஷ். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள். குழம்பு விட்ட கிண்ணத்தை விரலால் வழித்து எடுப்பாள். நல்ல வளர்ப்பு என்று பக்கத்து வீடுகளில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏகாதசிக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். எறும்புச் சாரை ஒன்று அவள் அறைக்குள் போவதைப் பார்த்தேன். அவள் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாள். எறும்பைத் தொடர்ந்து போனால், அது அவளுடைய பெட்டிக்குள் போகிறது. திறந்தேன். ஒரு சாக்ஸ் நிறைய அரிசி. தலையணை உறைக்குள் துவரம்பருப்பு. துணியில் சுற்றி, கல்லாகக் காய்ந்துபோன ரொட்டித் துண்டுகள், எண்ணி முடியாது. பூசணம் பிடித்த தேங்காய் மூடி வேறு.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறேனே, நான் என்ன இவளைப் பட்டினியா போடுகிறேன்? தம்பியிடம் என்னைப் பற்றி என்ன சொல்லிவைத்திருக்கிறாளோ? ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனையையும் குப்பைப் பையில் கொட்டி, முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தேன். கட்டிலுக்கு அடியில், ஜன்னல் மேல் பலகையில், மெத்தைக்குக் கீழே என்று ஒட்டடைக் குச்சியை விட்டுக் குத்திக் குத்தித் தேடினேன். இன்னும் இரண்டு பொட்டலம் கிடைத்தது. அதையும் போட்டேன்.

சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் கை தவறியும் அரிசியைத் தொட்டுவிடக் கூடாது என்று அரிசி டிரம்மைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினேன். எங்கள் அம்மா செய்வாள், நானும் செய்கிறேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டோம், இந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம் என்று இங்கிலீஷில் சொன்னேன். “யாருமா?” என்று கேட்டாள். யாரும்தான் என்றேன்.

அவளுக்குப் பாலும் பழமும் எடுத்து வைத்திருந்தேன். கோயிலிலிருந்து வந்ததும் உப்புமா கிண்டிக் கொடுப்பதாகவும் இருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு உபவாசம் கிடையாது என்பது எங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? அவள் முகம் வெளுத்துப்போனது. பெட்டியைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து வெட்கப்படுகிறாள், படட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடியுமுன்னே பெருமாளைச் சேவிக்கப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சொர்க்கவாசல் வழியாக வந்து, நெரிசலில் பிழைத்து வீடு திரும்பியபோது மணி ஒன்பதரை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கட்டில் காலி. போன் தலையணை மேல் இருந்தது. அவளுடைய குளிர் கோட்டைக் காணோம். வாசலில் குப்பைப் பை கிழிந்து கிடந்தது.

ஏழு மாதக் கர்ப்பிணி. பாஷை தெரியாது. வெளியே லட்சக்கணக்கில் ஜனம். ஒருவர் முழங்கை பட்டால் போதும். சந்து முழுக்க ஓடினேன். டீக்கடைக்காரர், வெள்ளைக்காரப் பொண்ணு ஒண்ணு அம்மா மண்டபம் பக்கமாக வேகமாகப் போனதே என்றார். அம்மா மண்டபம் என்றால் காவிரி.

படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். மார்கழித் தண்ணீர், நிறையவே போய்க்கொண்டிருந்தது. குளித்து எழுகிற ஒவ்வொரு தலையையும் பார்த்தேன். ரங்கா, அந்த இரண்டு உயிரையும் திருப்பிக் கொடுத்துவிடு, வேறெதையும் உன்னிடம் கேட்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கூப்பிட்டான். தினமும் அந்த வேளைக்குத்தான் அவளோடு பேசுவான். அவள் போனை எடுக்கவில்லையே என்றான். குளிக்கிறாள் என்றேன். பின்னால் என்ன சத்தம் என்றான். கோயில் கூட்டம் என்றேன். “அவ நல்லா சாப்பிடுறாளாக்கா?” என்று கேட்டான். வாய் கூசாமல், சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மண்டபத்திலிருந்து ஊருக்குள் திரும்பும் முனையில், கூட்டத்தை மறிக்கப் போட்டிருந்த போலீஸ் தடுப்புக்குப் பக்கத்தில் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரும்போது கூட்டத்தில் கண்ணில் படவில்லை. அந்த வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் துணி மூட்டையை இறுக்கிக்கொண்டு. பெண் போலீஸ் ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். “உங்க வீட்டுப் பொண்ணுங்களா? ஒரு மணி நேரமா இருக்காங்க. இந்தப் பக்கமா போங்கன்னு வழி விட்டாலும் போக மாட்டேங்கிறாங்க. எங்களைப் பார்த்தாலே நடுங்குறாங்க” என்றாள்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மடியிலிருந்த மூட்டையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். குப்பையிலிருந்து பொறுக்கிய ரொட்டித் துண்டுகள். எடுத்துக்கொள், என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று கொடுக்கிற கை அது. ஒரு பெண் என்னைப் பார்த்து அப்படிப் பயந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் பாட்டியின் அம்மா காலத்தில், சர்க்காரே தானியத்தைப் பிடுங்கிக்கொண்டு ஊர் ஊராக ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொன்றதாம். மழை பொய்க்கவில்லை, வெள்ளம் வரவில்லை. விளைந்தது விளைந்தபடி இருந்தது. ஆட்கள் இரும்புக் கம்பியோடு வீடு வீடாக வந்து, தரையையும் படுக்கையையும் குத்திப் பார்த்து, ஒளித்து வைத்த பயறு வரைக்கும் அள்ளிக்கொண்டு போனார்களாம். ஊரைச் சுற்றிக் காவல். தப்பி ரயிலடிக்குப் போனவர்களைப் போலீஸ் திருப்பி அனுப்பியது. அந்த அம்மாளுக்கு ஆறு பிள்ளைகள், இரண்டுதான் மிஞ்சின. அதைப் பற்றி வெளியில் பேசக்கூடப் பல காலம் முடியாதாம். ஆனால் ரொட்டியைக் காயவைத்து ஒளிக்க அந்த வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

“நான் டாக்டர், அக்கா. இது வேற ஊர்னு எனக்குத் தெரியும். ஆனா கால் கேக்கலை” என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் சொன்னாள்.

என் ஒட்டடைக் குச்சி கதவோரம் சாத்தியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பின்கட்டைத் திறந்து அரிசி எடுத்து, அடுப்பை மூட்டிச் சோறு வடித்தேன். நெய்யும் பருப்பும் விட்டு அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்காகவாவது சாப்பிடு என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்டேன்.

ஊரே பட்டினி கிடக்கும்போது உடம்பு வற்றாமல் ஒருத்தி இருந்தால், இவள் எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று அந்த வீட்டைத்தான் மறுபடி தேடுவார்களாம். “நீங்க யாரும் சாப்பிடலை. நான் மட்டும் எப்படி?” என்றாள்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து வைகுண்ட ஏகாதசியன்று சோற்றைத் தொட்டவள் இல்லை நான். மூன்றாம் வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். பெருமாள் என்ன நினைப்பாரோ, அந்தப் பயம் ஒரு பக்கம். அது அப்படியே இருக்கட்டும் என்று ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முதல் கவளத்தை வாயில் வைத்தேன். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்குகிறேனா என்று. விழுங்கினேன். இன்னொன்று என்று கை காட்டினாள். அதையும் விழுங்கிக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் கை தட்டுக்குப் போனது.