ஆறெழுத்தும் எழுபத்து மூன்று பேரும்

காலையில் நான் வந்து திறக்கும் முன்பே எங்கள் ட்ரவல்ஸ் வாசலில் ஆள் நின்றால், அது நல்ல சேதியாக இருப்பதில்லை. அன்று நின்றவர் நவ்பர். ஹெல்மட்டைக்கூடக் கழற்றவில்லை. ஊரில் எல்லாருக்கும் நான் ராத்தா, மூத்த அக்கா.

"ராத்தா, நாளைக்குப் பின்னேரம் தம்மாம் பிளைட். வெப்சைட்டுல பாத்தா புக்கிங் கென்சலாம். நான் ஒண்டும் செய்யல்ல ராத்தா."

நாளை மறுநாளோடு அவருடைய ரீஎன்ட்ரி விசா முடிகிறது. அதற்குள் சவூதியில் இறங்காவிட்டால் பதினோரு வருட டிரைவர் வேலை போய்விடும். டிக்கட் போட்டுக் கொடுத்தது நான்.

கம்ப்யூட்டரில் அவருடைய ஆறெழுத்தை அடித்தேன். புக்கிங் ரெபரன்ஸ் என்பது அதுதான். சீட் கென்சலாகியிருந்தது உண்மை. முந்திய நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், விமானக் கம்பெனியின் வெப்சைட் வழியாக யாரோ செய்திருந்தார்கள். அதற்குள் நுழைய அந்த ஆறெழுத்தும் பயணியின் பெயரும் போதும்.

"டிக்கட் படத்த யாருக்கும் அனுப்பினீங்களா?"

"யாருக்கும் இல்ல ராத்தா. குடும்பக் குறூப்புக்கு மட்டுந்தான்."

"அதுல எத்தின பேர் இரிக்கிறாங்க?"

"எழுவத்தி மூணு."

எங்கள் ஊர்களில் வெளிநாடு போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார். இப்போது அதில் பாதி வேலையை வட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது. தங்களுக்காகப் பிரார்த்தித்துத் துஆச் செய்யச் சொல்லி டிக்கட்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

நவ்பர் குறூப்பில் குரலை உயர்த்தினார். "என்ட டிக்கட்டுல யாரு கை வெச்ச?" துஆக்கள் மட்டும் மழையாகக் கொட்டின. கொஞ்ச நேரத்தில் அக்கரைப்பற்றிலிருந்து அவருடைய மனைவியின் தம்பி அவருக்குப் போன் எடுத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மச்சான், உங்களுக்கு ஜன்னல் சீட் எடுத்துத் தருவம் எண்டு பாத்தன். என்னமோ இங்கிலீசுல கேட்டிச்சு. ஓம் எண்டு அமத்திட்டன்."

நவ்பர் வாயைத் திறக்க முன் போனை நான் வாங்கிக்கொண்டேன். திட்ட நேரமில்லை.

ஆறெழுத்து செத்தாலும் டிக்கட் சாகாது. பதின்மூன்று இலக்கத்தில் தனியாக ஒரு டிக்கட் நம்பர் உண்டு. முதல் மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். ஆறெழுத்து உங்களுக்குப் பிடித்து வைத்த சீட். பதின்மூன்று இலக்கம் நீங்கள் பறக்கும் உரிமை. அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். 'ஓப்பன்', அதாவது இன்னும் பாவிக்காத டிக்கட், என்று காட்டியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆனால் அவருடைய பழைய சீட்டை அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். பின்னேர பிளைட் நிறைந்திருந்தது. நாளை மறுநாளும் சீட் இல்லை. நாளை விடியற்காலை பிளைட்டில் மட்டும் ஒரே ஒரு சீட் இருந்தது. விமான நிலையம் எட்டு ஒன்பது மணி நேரத் தூரம்; அதைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்று நண்பகல் லுஹர் தொழுகையோடு கல்முனையிலிருந்து வேன் கிளம்ப வேண்டும்.

"புள்ளையள் ஸ்கூல்ல ராத்தா," என்றார். "ரா சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டிரிக்கி."

"முதல்ல சீட்டப் புடிப்பம். மறுகா புள்ளையள யோசிப்பம்," என்று அதட்டினேன். புதுப் புக்கிங் போட்டு, பழைய டிக்கட்டை அதில் ரீஇஷ்யூ செய்து, அச்செடுத்த தாளை நீட்டும் வரை அவர் உட்காரவே இல்லை.

இங்கிருந்து நேரே ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். அதிபரிடம் கேட்டு மூன்று மகள்மாரையும் கேற்றடிக்குக் கூப்பிட்டு, அங்கேயே வைத்துப் பயணம் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது அழுகை வந்தது.

கோபம் அக்கரைப்பற்றுப் பொடியன் மேல் நெடுநேரம் நிற்கவில்லை, என் மேல் திரும்பியது. இருபத்திரண்டு வருடமாக டிக்கட் கொடுக்கிறேன். கல்யாண அழைப்பிதழ் மாதிரி நீட்டியிருக்கிறேனே தவிர, இந்த ஆறெழுத்து வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு, ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது மேசையில் கறுப்பு மார்க்கர் வைத்திருக்கிறேன். குறூப்புக்கு என்று தனியாக ஒரு பிரதி கேட்டால் ஆறெழுத்தை அழித்துத்தான் கொடுக்கிறேன்.

அவர் போன மறுநாள் தம்மாமிலிருந்து படம் வந்தது. போர்டிங் பாஸைப் பிடித்திருந்த நவ்பரின் கட்டைவிரல், ஆறெழுத்தை முழுதாக மூடியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "இறங்கிட்டன் ராத்தா. நடு சீட்தான்."