உணவுக்கடை வாசலில் ஒன்பது புள்ளிகள்

எங்கள் அலுவலகத்தில் எந்தச் சாலையின் தண்ணீர்க் குழாயை அடுத்து மாற்றுவது என்பதைக் கணினி வரைபடம்தான் முடிவு செய்கிறது. கசிவுப் புகார் வரும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் நெருங்கினால் அந்தச் சாலை பட்டியலில் மேலே ஏறும். பட்டியலைத் தயாரிப்பதும் கையெழுத்திடுவதும் என் வேலை.

அந்த ஆண்டு ஜெலுத்தோங் வட்டாரத்தின் பெரிய சாலை ஒன்று முதலிடத்தில் நின்றது. முனையிலிருந்த உணவுக்கடை வாசலில் மட்டும் ஒன்பது புள்ளிகள். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒன்றுகூட இல்லை. நாள், கிழமை, இடம் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பவள் நான். குறிப்பேட்டைப் புரட்டினேன். பெரிய சாலையில் புதுக் குழாய் போட்ட வாரம் முழுவதும் நானே அங்கே நின்றிருக்கிறேன். சந்தில் இருப்பதுதான் பழைய இரும்புக் குழாய்.

மறுநாள் காலை, ஒரு வியாழக்கிழமை, கடைக்குப் போனேன். முதலாளி தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வாசல்ல இத்தன தடவ பைப் ஒடஞ்சிச்சா?"

"இங்க எங்கம்மா ஒடஞ்சிச்சு? பின்னால சந்துல, அந்த லோரோங்லதான் ஒடையும். அவங்க எங்கிட்ட சொல்வாங்க, நான் போன் அடிப்பேன். ஒங்காளுங்க அட்ரஸ் கேப்பாங்க, என் கடை அட்ரஸ குடுப்பேன். பின்ன ஒங்க வீட்டு அட்ரஸயா குடுக்க முடியும்?"

சந்துக்குள் ஒரு பெண் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

"நீங்களே போன் பண்ணலாமே, அக்கா?"

"நாங்க பண்ணா 'பார்க்கிறோம்'னு வச்சிருவாங்க. அவரு பண்ணா லாரி வருது. புள்ளைங்க ஸ்கூல் சட்டையப் பாருங்க, வெள்ளையாவா இருக்கு?"

பட்டியல் அப்படியே போனால் நல்ல குழாயைத் தோண்டி எடுப்போம். இவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இதையே பிடிப்பார்கள்.

அலுவலகம் திரும்பி மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அக்கா, மேப்புல சந்து சுத்தமா இருக்கு. ஒங்க நோட்ட வச்சு ரோடு தோண்ட முடியுமா? நாளைக்கு மீட்டிங். சைன் போட்டுருங்க லா."

"போட மாட்டேன், தம்பி."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"எம் பேரச் சொல்லுங்க."

பழுது பார்த்தவர்களின் வேலைத்தாள்களை எடுத்து வந்தேன். எங்கே தோண்டினார்கள் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. ஒன்பதும் சந்துதான். புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். திரையில் காரணம் கேட்ட கட்டத்தில், 'இது புகார் சொன்னவர் இடம். உடைந்த இடம் அல்ல' என்று ஒன்பது முறை தட்டினேன். சந்து முதலிடத்துக்கு ஏறியது. பிறகுதான் கையெழுத்திட்டேன்.

கூட்டத்தில் புள்ளிகளை நகர்த்தியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார்கள். வேலைத்தாள்களை மேசையில் பரப்பி, மௌஸை அவர்கள் பக்கம் தள்ளினேன். "இதைப் படித்துவிட்டு நீங்களே வையுங்கள்" என்றேன்.

யாரும் மௌஸைத் தொடவில்லை.