கிள்ளக் கிள்ளத் தழைத்த செவ்வந்தி

என் செவ்வந்தியைக் களவெடுத்தது என் கணவரின் அக்கா, என் மச்சாள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. செய்தவளுக்கே இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

பண்டாரவளையில் நாங்கள் குடியிருந்த வீடு எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் எரிந்தது. அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது அந்தச் செடி மட்டும்தான். முந்தைய விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதன் பக்கக் கன்றுகள் சிலவற்றை வட்டுக்கோட்டைக் காணியில் நட்டிருந்தேன். இதழின் உட்புறம் செங்கல் நிறம், வெளிப்புறம் பொன்மஞ்சள். யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பூவை நான் வேறெங்கும் கண்டதில்லை. வெயிலுக்குத் தென்னோலைக் கிடுகு சாத்தி, மாரிக்குப் பாத்தியை உயர்த்தி, பூத்து ஓய்ந்ததும் அடியோடு வெட்டி, முளைக்கும் கன்றுகளைப் பிரித்து நட்டு வருடாவருடம் காப்பாற்றினேன்.

எண்பத்தேழில் சண்டை வந்தபோது கோயிலில் போய் இருந்தோம். திரும்பி வந்தால் பாத்தி வெறுமை. ஷெல் விழுந்த பள்ளமல்ல, மண்வெட்டியால் பக்குவமாகக் கிண்டிய பள்ளம். சில நாளில் வேலிக்கு அப்பால், மச்சாளின் கிணற்றடியில், செவ்வந்தி துளிர்த்து நின்றது.

"உது சந்தையிலை வாங்கின மஞ்சள்," என்றாள், நான் கேட்காமலே.

இலையைக் கசக்கி முகர்ந்தேன். என்ன பயன்? எல்லாச் செவ்வந்திக்கும் அதே பிளவுபட்ட இலை, அதே கார வாசம். பூ ஒன்றுதான் சாட்சி.

"ஓம் மச்சாள். பூக்கட்டும், பாப்பம்," என்றேன்.

அந்த மார்கழியில் அங்கே ஒரு பூவும் வரவில்லை, அடுத்து வந்த மார்கழிகளிலும் இல்லை. மொட்டு தலைகாட்டியதும் கிள்ளி எறிந்துவிடுவாள். செடியைப் பிடுங்கி எறிய ஆசை விடவில்லை, பூக்கவிடத் துணிவில்லை. செவ்வந்தியின் குணம் அவளுக்குத் தெரியாது. ஒன்றைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கிளைக்கும். அவள் கிள்ளக் கிள்ள அது புதராகி மொட்டாய் வைத்துத் தள்ளியது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

நான் சும்மா இருப்பேனா? மாரி பிறந்தால் உப்பு, புளி என்று எதையாவது கேட்டுக்கொண்டு தினமும் போவேன்.

"ஏன் மச்சாள் இன்னும் பூக்கேல்லை? சாணி கரைச்சு ஊத்திப் பாருங்கோ."

சாணியும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் அவள் எனக்குச் சோறு பரிமாறினாள். விரலில் செவ்வந்தி வாசம். அன்று நான் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

"ஒரு பூவுக்காண்டி ஏன்? விடுமன்," என்றார் என் கணவர்.

எனக்கு வேண்டியிருந்தது பூ அல்ல. என் எரிந்த வீட்டில் மிஞ்சியதை எடுத்தது தான்தான் என்று அவள் தன் வாயால், அவளைப் பெற்ற மாமிக்கும் சொந்தக்காரருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை மாரியும் காத்திருக்கலாம் என்றிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்க, வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு வெளிக்கிட்டது. மழையில் நடந்து சாவகச்சேரிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இரண்டு குடும்பமும் சொந்தக்காரரும் ஒதுங்கினோம். சில நாள் கழித்து மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இந்த முறை நான் கிள்ளேல்லை. வெளிக்கிடேக்கை நிறைய மொட்டு. இனிப் பூத்திடும். அது உம்மடை பூதான்."

எட்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். அதை என் காதுக்கு மட்டும் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"உரத்துச் சொல்லுங்கோ மச்சாள். மாமிக்கும் கேக்கட்டும்."

அவள் எழுந்து நின்றாள். "இவவின்ரை செவ்வந்தியை நான்தான் களவெடுத்தனான்," என்று வகுப்பறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

வாசலில் நின்ற சொந்தக்காரர் கஞ்சி வாளி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்த மாமி மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"சரி, இப்ப உதுக்கென்ன?"

களவு போன அன்றுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை.