இன்பத்தின் கல்யாண நெட்

இன்பம் தன் கல்யாணத்துக்கென்று தைத்த நெட்டைத் தன் கல்யாணத்தில் போட முடியவில்லை. கிறிஸ்தவக் கல்யாணப் பெண்ணின் தலையில் கிரீடம் வைத்து, அதிலிருந்து முதுகுக்கும் முகத்துக்குமாக இறக்கிவிடுகிற வெள்ளை வலைத்துணியை எங்கள் பக்கம் நெட் என்றுதான் சொல்வோம். ராஜபாளையத்தில் தையல் மிஷின் போட்டிருந்த இன்பம், ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து ஓரமெல்லாம் பூ வைத்து அதைத் தைத்தாள். தைத்து முடித்த கையோடு, மில்லில் ஃபிட்டராக இருந்த காசிராஜனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னாள்.

காசிராஜன் ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன் என்றான். எடுக்காதவனுக்கு சர்ச்சில் கல்யாணம் கிடையாது என்றார் போதகர். கடைசியில் 1982ஆம் வருஷம், ரிஜிஸ்டர் ஆபீசில் ஃபேன் ஓடாத ஓர் அறையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நெட்டையாவது போட்டுக்கொண்டு வரட்டுமா என்று இன்பம் கேட்டதற்குக் காசிராஜன், "வேண்டாம்ட்டி, கிளார்க்கு பயந்துருவாரு" என்று சொல்லிவிட்டான்.

நெட் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துத் தெரு அன்னாளுக்குக் கல்யாணம். மதுரையில் வாங்கி வைத்திருந்த அவள் நெட்டை முந்தின நாள் எலி கடித்துவிட்டது. அவள் அழுத அழுகையைப் பொறுக்காமல் இன்பம் பெட்டியைத் திறந்தாள்.

"கொண்டுபோ. ஆனா நானும் கூட வருவேன். நெட்டு எங்க போகுதோ அங்க நானும் இருப்பேன்."

அன்றிலிருந்து அது ஊர் நெட் ஆகிவிட்டது. சி.எஸ்.ஐ., ஆர்.சி. என்ற பேதமில்லாமல், தளவாய்புரத்திலிருந்து மகாராஜபுரம் வரைக்கும் கல்யாணப் பெண்களின் தலையில் ஏறி இறங்கியது. வாடகை என்று யாராவது பேச்செடுத்தால் இன்பத்துக்குக் கோபம் வரும். முதல் பந்தியில் ஓர் இலை, பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவள் கேட்டது. அதனால் அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பம் எதைத் திறந்தாலும், பெண்ணின் தோளுக்குப் பின்னால், நெட்டின் நுனியைப் பிடித்தபடி இன்பத்தின் பாதி முகம் இருக்கும். கேக் வெட்டும்போது இருக்கும். பெண் அழும்போதும் இருக்கும். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்ணிடம், "கண்ண இந்தக் கைக்குட்டையில தொடை, மை ஒட்டிரும்" என்று காதோடு சொல்லிக்கொண்டிருப்பாள்.

இத்தனை கல்யாணங்களில் உட்கார்ந்ததில் அவளுக்குப் பிரசங்கமெல்லாம் மனப்பாடம். முக்காடு என்றால் அடக்கம் என்பார் ஒரு போதகர். கீழ்ப்படிதல் என்பார் இன்னொருவர். ஆலயத்தின் திரைச்சீலையில் ஆரம்பித்துப் பரலோகம் வரை போய், சோறு ஆறிய பிறகு திரும்பி வருவார் வேறொருவர். வீட்டுக்கு வந்து இன்பம் அதையெல்லாம் சொன்னால் காசிராஜன் கேட்டுவிட்டு, "நம்ம கொசுவலைக்கா இம்புட்டு அர்த்தம்?" என்பான். அன்றைக்கு அவனுக்குப் பழைய சோறுதான்.

1991இல் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்து சேர்ந்தது. ஆடி மாதம். இந்துக்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபமும் சமையல்காரரும் சும்மா இருப்பார்கள். நம்மாட்கள் ஆடியைத்தான் தேடிப் பிடிப்பார்கள். காலையில் ராஜபாளையத்தில் ஒன்று, மத்தியானத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணத்துக்கு ஒன்று. மாப்பிள்ளை மைக்கேல், வ. புதுப்பட்டிக்காரன். இரண்டு வீட்டுக்கும் இன்பம் தலையாட்டிவிட்டாள். அன்றைக்கு ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் என்பது அவள் நினைவிலேயே இல்லை.

ராஜபாளையத்தில் வீடியோக்காரர் பெண்ணை மூன்று தடவை நடக்கவிட்டு நேரத்தைக் கடத்தினார். கிரீடத்தையும் நெட்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு இன்பம் ஓடிப்போய் பஸ் ஏறினாள். பஸ், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. "கூட்டம். இதுக்கு மேல வண்டி போகாது" என்று கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார்.

ஊருக்குள் எங்கு பார்த்தாலும் தலைகள். நெரிசலில் யாருடைய கூடையோ இடித்து இன்பத்தின் பை கிழிந்தது. ஆடிக்காற்று அதற்கென்றே காத்திருந்தது போல நெட்டை வெளியே இழுத்துவிட்டது. அவள் சுருட்டினால் காற்று பிரித்தது. கக்கத்தில் இடுக்கினால் பக்கத்தில் போனவரின் தேங்காய்மூடியில் மாட்டியது. கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. கிரீடத்தைத் தன் தலையில் வைத்து, நெட்டைப் போட்டு, நாலு ஊசி குத்தி, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"கல்யாணப் பொண்ணு வருது, வழி விடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விலகியது.

"பாவம், வயசு ஆயிப் போச்சு. இப்பத்தான் அமைஞ்சிருக்கு போல" என்றாள் பூ விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி. ஒரு முழம் மல்லிகையையும் எடுத்து இன்பத்தின் கையில் திணித்தாள்.

விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் முன்னால் வந்து வழி ஒதுக்கிக் கொடுத்தார். "மாப்பிள்ளை எங்கம்மா?"

இன்பத்துக்கு மூச்சு வாங்கியது. யோசிக்காமல், "அவிய மில்லுல இருக்காவ. இன்னைக்குக் காலை ஷிப்டு" என்றாள்.

போலீஸ்காரரின் வாயிலிருந்து விசில் விழுந்தது. "கல்யாணத்தன்னைக்குமா?"

சர்ச் வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது காற்று நெட்டை முகத்தின் மேல் இழுத்து விட்டிருந்தது. இரண்டு கையிலும் நுனி, பூ. ஒதுக்கிவிடக் கை இல்லை. பெண் வீட்டார் எல்லாரும் பக்கத்து அறையில் பரிபூரணத்தோடு நெட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஆர்கன் வாசிக்கிறவருக்கோ வெகு நேரமாகக் கண் வாசலிலேயே இருந்தது. வெள்ளையாக ஓர் உருவம் தெரிந்ததும் கல்யாணப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். சபை மொத்தமும் எழுந்து நின்றது.

மைக்கேல் திரும்பிப் பார்த்தான். பெண் பார்க்கப் போனபோது பரிபூரணம் தலை குனிந்தே இருந்தாள். முகம் அவனுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் ஒல்லி என்பது நன்றாக நினைவிருந்தது. வேர்த்துவிட்டது.

"அம்மா, பொண்ணு மாறிருச்சும்மா."

முன் வரிசையில் இருந்த அவன் தாயார் ஞானபாக்கியம் உதடு அசையாமல் சொன்னாள். "பேசாம நில்லுலே. பட்டு மொடமொடப்பா இருந்தா அப்பிடித்தான் தெரியும்."

இன்பம் வாசலில் நின்றாள். அத்தனை பேரும் தனக்காக எழுந்து நின்றதை வலைக்குள்ளிருந்து பார்த்தாள். பாட்டு அவளுக்குத் தெரிந்த பாட்டு. அந்தப் பாட்டுக்கு எத்தனையோ பெண்களின் பின்னால் நடந்திருக்கிறாள். கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னும் ஓர் அடி. திரும்பிப் போயிருக்கலாம் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். அவள் திரும்பவில்லை. நிதானமாக, ஒரு சீமாட்டி மாதிரி, பாதி தூரம் வரை நடந்தாள். நெட்டுக்குள் கண் கலங்கியது. மை ஒட்டிவிடும் என்ற பயத்தில் அதையும் அடக்கிக்கொண்டாள்.

பூவைக் கீழே வைத்துவிட்டு முகத்திலிருந்து நெட்டை விலக்கினாள். "மன்னிச்சிருங்க ஐயா, நான் இன்பம். பொண்ணு உள்ள இருக்கு. செத்த நேரம் பொறுங்க, மாட்டிவிட்டுட்டு வாரேன்."

முதலில் சிரித்தவர் போதகர்தான். பிறகு கூரை அதிர்ந்தது. மைக்கேலும் சிரித்தான், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து. பரிபூரணம் அறைக்குள்ளிருந்து விஷயம் கேட்டுச் சிரித்த சிரிப்பில், ஊசி குத்த முடியாமல் இன்பம் அவள் தலையை இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அந்தப் போதகர் வீடு தேடி வந்தார். "விருப்பம்னா ஒங்க ரெண்டு பேருக்கும் சர்ச்சிலேயே ஒரு ஜெபம் பண்ணி ஆசீர்வதிக்கிறேன், நெட்டு எல்லாம் போட்டு" என்றார்.

காசிராஜன் கும்பிட்டான். "ஏற்கெனவே ஒருக்கா கையெழுத்துப் போட்டு மாட்டியாச்சு ஐயா."

இன்பமும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "அன்னைக்குப் பாதி தூரம் நடந்தேன்லா, எனக்கு அம்புட்டுப் போதும்."

போதகர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஊரில் பியூட்டி பார்லர்கள் வந்தன. பெண்கள் ஆளுக்கொரு நெட் வாங்க ஆரம்பித்தார்கள். இன்பம் தளவாய்புரத்துக்காரர்களுக்கு நைட்டி தைத்துக் கொடுத்தாள். ஆனாலும் கல்யாணப் பத்திரிகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. பரிபூரணத்தின் கல்யாண கேசட்டில் வீடியோக்காரர் எதையும் வெட்டவில்லை. வ. புதுப்பட்டியில் அதைப் பார்க்காத வீடு இல்லை.

1997இல் மைக்கேல் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். இன்பமும் காசிராஜனும் போயிருந்தார்கள். ஞானபாக்கியம் இன்பத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் பந்தியில் உட்காரவைத்தாள். "இவிய யாரு?" என்று ஒரு சொந்தக்காரி கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு மொதல்ல வந்த மருமக" என்றாள் ஞானபாக்கியம்.

வாளியோடு வந்த மைக்கேல் சாம்பாரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டான். "அப்ப நான் ரெண்டாவதா அத்தே?" என்று அடுக்களையிலிருந்து பரிபூரணம் குரல் கொடுத்தாள். பந்தி முழுக்கச் சிரித்தது. காசிராஜன் மட்டும் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

இன்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காசிராஜனின் இலையைக் காட்டி, "அவியளுக்கும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க மாப்ள" என்றாள்.