கற்பூரத் தட்டும் மாதா படமும்

இக்குறிப்பை எழுத நேர்ந்தமைக்கு இரண்டு வதந்திகளே காரணம். தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுத பூசையன்று நான் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டதாகக் உதகையை அடுத்த காந்தலில் எங்கள் பங்குக் கோயில் இளைஞருள் ஒரு சாரார் பெருமையுடன் சொல்கின்றனர். வேலைக்கு அஞ்சி நானே கற்பூரம் காட்டியதாக மறு சாரார் ஏளனத்துடன் சொல்கின்றனர். இரண்டும் நிகழவில்லை. புதிதாகப் பணியேற்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இவ்விரண்டில் ஒன்றையே வழியெனக் கொள்ளக்கூடும். ஆதலால் நடந்ததை நடந்தவாறே பதிவு செய்கிறேன்.

தொழிற்சாலையின் வழக்கம்

கோத்தகிரிச் சாலையில் இருந்த அத்தொழிற்சாலையில் நான் டீ மேக்கராகச் சேர்ந்தேன். கொழுந்தை டிரஃப் எனும் விசிறி பொருத்திய நீண்ட தொட்டியில் பரப்பி வாட்டுவது, சி.டி.சி. ரோலரில் நசுக்குவது, டிரையரில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது ஆகிய அனைத்தும் டீ மேக்கரின் பொறுப்பு. அப்போது நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் பணியை நிலைப்படுத்தும் ஆணையில் மேலாளர் கையொப்பமிட வேண்டியிருந்தது.

ஆயுத பூசையன்று எந்திரங்களைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டுவர். டீ மேக்கர் ரோலருக்குக் கற்பூரம் காட்டிய பின்னர் சுவிட்சை அழுத்துவார். அதுவரை ரோலர் ஓடாது. முந்தைய நாள் வந்த கொழுந்து டிரஃபில் காத்திருக்கும். காத்திருப்பு நீண்டால் கொழுந்து மிகையாக வாடித் தூளின் சுவை கெடும்.

பூசைக்குச் சில நாள்களுக்கு முன்பே மேலாளரைத் தனியே கண்டு, அச்சடங்கை என்னால் செய்ய இயலாது என்று தெரிவித்தேன். அவர் சினம் கொள்ளவில்லை, வியப்படைந்தார்.

"மிஸ்டர் ஆரோக்கியம், நான் எந்தக் கோயிலுக்கும் போறவன் இல்ல. எனக்கு நம்பிக்கையே கிடையாது. போன வருஷம் நானும் தட்டை வாங்கி மூணு சுத்து சுத்தலையா? அது வெறும் ஃபார்மாலிட்டி."

"நம்பாதவங்களுக்கு அது ஃபார்மாலிட்டி சார். நம்பறவனுக்கு அது வழிபாடு. நான் அதை ஒரு இடத்துல மனசோட பண்றவன். இன்னொரு இடத்துல சும்மா பண்ண முடியாது."

"இது செக்யூலர் கம்பெனி. எல்லா மதமும் ஒண்ணுன்னு ஹெட் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ போடணும். நீங்க தட்டைப் புடிச்சா இன்னும் நல்லா இருக்கும். யோசிங்க. உங்க கன்ஃபர்மேஷன் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு."

ரோலர் அறையில்

பூசையன்று விடுப்பு எடுத்துக்கொள்ளுமாறு நண்பர் சிலர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. காலணிகளைக் கழற்றிவிட்டு ரோலர் அறைக்குள் சென்றேன்.

என் மறுப்பு எவ்வாறோ தொழிலாளர்க்குத் தெரிந்திருந்தது. ரோலரின் மேல் அவர்களுடைய சாமி படங்களுக்கு அருகில் மாதா படம் ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் இட்டு, செவ்வந்தி மாலையும் சாத்தியிருந்தனர். அத்தொழிற்சாலையில் என்னைத் தவிர வேறு கிறித்தவர் எவரும் இலர்.

ரோலர் இயக்கும் மாரப்பன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "ஏனுங்க மேக்கர் சார், உங்க சாமிய உட்டுப்போட்டு எங்க சாமிக்கு மட்டும் காட்டறதுதானுங்களே சங்கடம்? இப்ப மாதாவையும் வெச்சாச்சு. ஒரே தட்டுல எல்லாருக்கும் காட்டிப்போடுங்க."

மேலாளர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். அவரை மறுப்பது எளிதாக இருந்தது. இவ்வன்பை மறுப்பது எளிதாக இல்லை.

"மாரப்பா, மாதா படத்த வெச்சீங்களே, அத நான் மறக்க மாட்டேன். ஆனா தட்டு என் கையில வேண்டாம்."

சிரிப்பு நின்றது. சலிப்பறையின் பொன்னம்மாள் முன்னே வந்தார். அங்கு அனைவரினும் மூத்த தொழிலாளி அவர்.

"அப்ப எங்க சாமி உங்களுக்கு ஆகாதுங்களா? எங்கூட்டுக் கண்ணாலத்துல மட்டும் பந்தியில மொத ஆளா உக்காந்தீங்க?"

"சோத்துக்கு எப்பவும் மொத ஆளுதாங்க அம்மா. உங்க சாமி ஆகாதுன்னு சொல்லல. மனசுல இல்லாம போட்டோவுக்குக் காட்டுனா உங்க சாமியையும் ஏமாத்தறேன், என் சாமியையும் ஏமாத்தறேன். நம்பறவங்க காட்டுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

மேல்தளத்து டிரஃபில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. அவர்கள் மனம் கசந்து கலைந்துவிட்டால் அன்றைய கொழுந்து கெடுவதோடு முடியாது. அவர்களோடு நான் பணியாற்றவும் இயலாது.

பொன்னம்மாள் மேலாளரின் கைப்பேசியை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரரு கோயில்ல கும்புட்டுக்கிட்டே வெளிய உட்ட செருப்பு இருக்குதான்னு எட்டிப் பாப்பாரு. அதுக்கு இவுரு சும்மா நிக்கறது தேவலைங்க. அந்தத் தட்ட இங்க குடு மாரப்பா."

சிரிப்பு மீண்டது. அவரே கற்பூரம் காட்டினார். நான் அருகில் நின்றேன். கற்பூரம் அணைந்ததும் மாரப்பன், "சார், மாதாவுக்கு உங்க மொறையில ஏதாச்சும் சொல்லுங்க. சும்மா வெச்சிருந்தா நல்லா இருக்காதுங்க" என்றார்.

நான் சிலுவை அடையாளம் வரைந்து, எவர் கையும் ரோலரில் சிக்கிவிடாதிருக்க மாதா பரிந்துபேச வேண்டும் என்று வாய்விட்டு மன்றாடினேன். அவர்கள் கைகூப்பி நின்றனர். பின்னர் நான் சுவிட்சை அழுத்தினேன்.

வாட்ஸ்அப் குழுவில் பொன்னம்மாள் கற்பூரம் காட்டும் படமே வெளியாயிற்று. என்னுடன் சேர்ந்தோர்க்கு வந்த பணி நிலைப்பு ஆணை எனக்கு வரவில்லை. மேலாளர் காரணம் கூறவில்லை, நானும் வினவவில்லை. அவர் மாறுதலாகிச் சென்ற பின்னர், புதியவர் கையொப்பத்துடன் அது வந்தது. இடைப்பட்ட காலத்தில் ரோலர் அறையிலிருந்து எனக்கு எவ்விடரும் எழவில்லை.

இதில் நான் கற்றது சிறிதே. மறுப்பதாயின் முன்கூட்டியே, உரியவரிடம், தனியே மறுத்துவிட வேண்டும். மறுத்த பின்னர் ஒளிந்துகொள்ளாமல் அங்கேயே நிற்க வேண்டும். நான் விடுப்பில் சென்றிருந்தால் பூசலே எழுந்திராது. ஆயினும் தங்கள் பூசையை நான் இழிவாகக் கருதுவதாகவே அவர்கள் இன்றளவும் எண்ணியிருப்பர்.

அன்று அவ்வறையில் இருந்தோர் இதனைப் படிக்க நேர்ந்தால், பிழையானவற்றைத் திருத்தியருள வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் நான் இன்னும் அறியேன். மாதா படத்தைக் கடையில் தேடி வாங்கி வந்தவர் யார்? மாரப்பன் தாம் இல்லை என்றார். பொன்னம்மாளும் இல்லை என்றார். அறிந்தவர் தெரிவித்தால், அவர் பெயரை உரிய இடத்தில் சேர்த்துக்கொள்வேன்.