எட்டு நொடி ஆமென்

எங்கள் அம்மா ஓய்வுபெற்ற செவிலியர் அல்லர். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஓராண்டு நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் பெரிய மாமா என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நர்ஸுன்னே போடு மக்கா. டேப்பு வெட்டி ஒட்டுனாள்னு போட்டா ஆளுவ சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும் மாமா. அம்மா இருக்கும்போதும் சிரித்தவர்கள்தானே.

அம்மா நெய்யூருக்கு அருகே ஆறு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தகப்பனை இழந்த வீடு. வேதக்கோயில் பாடகர் குழுவில் பாடிப் பாடிச் சுருதி காதில் ஊறியது. செவிலியர் படிப்பு முடித்து இங்கிலாந்து சென்றார்கள். அங்கே தம் வார்டில் இருந்து குணமான ஒருவர், தாம் வேலை செய்யும் வாத்தியத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டினார். மறுமாதமே ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அம்மா அங்கே சேர்ந்தார்கள். ஊரில் பேசாத வாய் இல்லை.

அந்த வாத்தியம் பார்வைக்கு ஆர்மோனியத்தின் அண்ணன். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் யாரோ ஒருவர் உண்மையாகவே வாசித்த வயலினின் ஒரே ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், வயலின் கேட்கும். எட்டு நொடியில் டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். டேப்பை அளந்து வெட்டிக் கோர்த்து, கட்டை கட்டையாக அழுத்திக் கேட்பது அம்மாவின் வேலை. சுரம் மயிரிழை இறங்கியிருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார்கள். "வாங்குகிறவருக்கு இது கேட்கவா போகிறது?" என்றாராம் மேலாளர். "எனக்குக் கேட்கிறதே" என்று வாத்தியத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தொழிற்சாலை மூடியபோது ஒரு பழைய வாத்தியத்தைக் கேட்டு வாங்கி, கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாலு பேர் சுமந்துபோய்க் கோயிலில் இறக்கினார்கள். பாட்டெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசி ஆமெனில் வந்தது வினை. நம் சபையில் ஆமெனை எவ்வளவு இழுப்போம் என்பது உங்களுக்கே தெரியும். வெளிநாட்டில் இருந்த அம்மாவுக்கு அது மறந்துபோயிருந்தது. எட்டு நொடியில் வயலின் நின்றது. சபை மட்டும் 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "டேப் ரிக்கார்டர வச்சு ஆண்டவர ஏமாத்தப்பிடாது" என்றார்.

"இதுல ஏமாத்து எங்க இருக்கு அண்ணாச்சி? வாசிச்சது மனுசன். எட்டு செகண்டுல அவனுக்கு மூச்சு முட்டுது. நீங்க கொஞ்சம் சுருக்கிப் பாடலாம்லா" என்றார்கள் அம்மா.

சபை சுருக்கவில்லை. வாத்தியம் வீட்டுக்குத் திரும்பியது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருடம், ஞாயிறு தவறாமல், முதல் பெஞ்சில் நின்று ஆமெனை எட்டு நொடியில் முடித்துக்கொண்டு, மற்றவர்கள் இழுத்து முடிக்கும்வரை அம்மா வாயை மூடி நின்றார்கள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. அவர்கள் நிறுத்தியது தெரியக்கூடாதென்று பக்கத்தில் நின்று உரக்க இழுத்திருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

அப்பா இறந்தபின், ஊரில் கெட்டுப்போன டேப் ரிக்கார்டர்களைச் சரிசெய்துதான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். அந்தக் கமிட்டிக்காரரும் தமது டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதையும் சரிசெய்து கொடுத்தார்கள்.

கடைசி மூன்று மாதம் அம்மா படுக்கையில், பேச்சு இல்லை. வலதுகை விரல் மட்டும் வாத்தியத்தைத் தேடியது. கட்டிலை அதன் அருகே போட்டோம்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும், கல்லறைவரை சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. சிரித்தவர்களும் கட்டாயம் வர வேண்டும். ஓராண்டு நினைவு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வாசிக்கப்போவது அம்மா டேப் கோர்த்த வாத்தியம். ஆமென் எட்டு நொடிதான்.