ஒரு ரவிக்கை, மீதி வெள்ளை

தீபாவளி மலரை விரித்ததும் எழுந்த மை வாசம், இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட அம்மாவின் கிள்ளான் நகரத் தையல்கடைக்கே என்னைக் கொண்டுபோனது: ஓயாத மெஷின் சத்தம், புதுத்துணியின் கஞ்சி வாடை, கண்ணாடி மேசைமேல் அம்மா திரும்பத் திரும்ப நீவிவிட்ட அவளது முதல் பத்திரிகை விளம்பரம், நடுவில் ஒரே ரவிக்கை, சுற்றிலும் வெள்ளை. எதிர்க்கடை ஜவுளி முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தார்: "என்னாக்கா, பாதி பேப்பர் காலியா கெடக்கு? போட ஒண்ணும் இல்லியா?" அம்மா அப்புறம் விளம்பரமே கொடுக்கவில்லை.

இந்த வருடம் அதே முதலாளி, இந்த மலருக்குத் தன் விளம்பரத்தை வடிவமைத்துத் தரச் சொல்லி என்னிடமே வந்தார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாச் சேலையும், பிள்ளையாரும், தன் படமும், மகன்கள் படமும் வேண்டுமென்றார். மற்றவர்களிடம் கொஞ்சம் வெள்ளை விடச் சொல்லிச் சண்டை பிடிக்கும் நான், "போட்டுறலாம் லா, பாஸ்," என்றேன்.

இதோ அவர் பக்கம். நகம் வைக்கக்கூட வெள்ளை இல்லை. கடைப் பெயரைத் தேடிப் பிடிக்க, வடிவமைத்த எனக்கே நேரமாயிற்று.